எஞ்சின் இரைச்சலிலும் குரல்

குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் போகும் பேருந்தில் ‘உயிரே’ படப் பாட்டு ஓடினால், எஞ்சின் இரைச்சலில் பேஸ் அமுங்கினாலும் குரல் தெளிவாக நிற்கும். ரஹ்மானின் ஒலிப்பொறியாளராக இருந்த எச். ஸ்ரீதரின் கைவண்ணம் அது. படத்தின் இந்தி மூலமான ‘தில் சே’வுக்கு அவர் 1998-ஆம் ஆண்டின் தேசிய விருதும் பெற்றார்.

குரல் அப்படித் தெளிவாக நிற்க, மிக்ஸிங்கில் பாதி வேலை ஒலிகளை ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க வைப்பதுதான். கிக் டிரம்முக்கு 60 ஹெர்ட்ஸைக் கொடுத்தால் பேஸில் அதைக் கொஞ்சம் சீவ வேண்டும். குரலில் 300 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாக இறக்கினால் மூட்டம் கலையும். கூடுதலாக இறக்கினால் பாடகர் சோகை பிடித்தவராகிவிடுவார்.

மிக்ஸிங் முடிந்து வரும் இப்போதைய மாஸ்டரிங்தான் எனக்கு ஒத்துவரவில்லை. பல்லவியும் சரணமும் ஒரே உரப்பில் லிமிட்டரில் நசுங்குகின்றன. ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எப்படியும் மைனஸ் 14 லஃப்ஸ் உரப்புக்கு இறக்கிவிடுகிறது. பிறகு எதற்கு இத்தனை நசுக்கல்?