மூன்று புலிகள்

சுசீந்திரம் தெப்பக்குளத்துப் படியில் கட்டம் வரைந்து ஆடிய ஆடுபுலி ஆட்டத்தில் எனக்கு எப்போதும் புலிப் பக்கம்தான். 23 புள்ளிகள். எதிரே 15 புளியங்கொட்டை ஆடுகள், என்னிடம் 3 கூழாங்கற்கள். ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். 15-ம் இறங்கும்வரை ஒன்றும் நகரக்கூடாது. புலிக்கு அதுதான் வேட்டைக்காலம். ஒட்டி நிற்கும் ஆட்டைத் தாண்டி நேர்க்கோட்டில் ஒரு காலிப்புள்ளி, அவ்வளவு போதும், பாய்ந்துவிடலாம். அந்தப் புள்ளியில் இன்னோர் ஆடு வந்து நின்றால் பாய்ச்சல் போச்சு. புலி சாகாது, அடைபடும். ஒன்று அடைபட்டாலே படையில் மூன்றிலொரு பங்கு முடங்கிவிடும்.

“மக்களே, புலி ஓரிடத்துல இருக்கப்பிடாது” என்பார் பெரியப்பா. ஓரத்தில் பதுங்குவது பத்திரம்போலத் தோன்றும், ஆனால் வழிகள் அங்கே குறைவு. நடுவில் அலையும் புலிதான் அழகு. வெட்டாமல் வெறுமனே நகர்ந்தே ஆடுகளைக் கலைக்கும் அந்த ஒரு நகர்த்தலுக்காக இன்றும் கூழாங்கல்லைத்தான் எடுக்கிறேன்.