நரியை நாயாக்கிய படலம்

எங்க ஊர் திருவாதவூர். மாணிக்கவாசகருக்காக நரி குதிரையான கதையை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாற்றம் அன்றிரவே கலைந்தது. 1959-ல் சைபீரியாவில் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கியது இன்னும் கலையவில்லை. லீ டுகாட்கினும் லுத்மிலா த்ரூத்தும் எழுதி 2017-ல் வந்த புத்தகம் அந்த வெள்ளிநரிகளைப் பற்றியது.

மனுசனைக் கண்டு மிரளாத, கடிக்க வராத நரிகளை மட்டும் இனம் சேர்த்தார்கள். சில தலைமுறைகளிலேயே வாலாட்டும் குட்டிகள் பிறந்தன. த்ரூத் அந்த ஆய்வையே நடத்தியவர், அவர் பாசம் பக்கத்துக்குப் பக்கம் தெரியுது. எனக்கு இடிக்கிறதும் அங்கேதான். தேர்வாகாத குட்டிகள் எங்கே போச்சு? பண்ணைச் செலவில் பெரும்பங்கு தோல் விற்ற காசு. 1990-களின் பணமுடையில் சுமார் 700 நரிகள் 100 ஆகின.

‘காட்டு நரி’ என்பதும் முழுசாகச் சரியில்லை. இவற்றின் மூதாதைகள் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ரோமத்துக்காக ஏற்கெனவே பண்ணையில் வளர்ந்தவை என்று 2019-ல் கேத்ரின் லார்டும் சகாக்களும் எழுதினார்கள்.

இன்னொன்று. ஒப்பிட்டுப் பார்க்க, கடிக்கிற நரிகளையும் தனி வரிசையாகப் பெருக்கினார்கள். மனுசனைக் கண்டாலே சீறணும்னு பிறக்கவைத்து, மனுசன் தினம் வந்துபோற கூண்டிலேயே வைத்தார்கள். வாலாட்டிய நரிக்குப் பேர் வச்சாங்க, கொஞ்சினாங்க. இந்த வரிசையை எந்தக் கணக்கில் எழுதுவது?