மோடிக் கட்டுகள்

தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் எனக்கு ருசி, மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் அமைந்த, துணியில் பொதிந்த ஆவணக் கட்டுகளில்தான். 1676 முதல் 1855 வரை ஆண்ட மராத்தியரின் அலுவலகக் காகிதங்கள் அவை.

தாளின் குறுக்கே முதலில் ஒரு நீளக் கோடு. பிறகு, கொடியில் காயப்போட்ட துணிகளாய் எழுத்துகள் அதில் வரிசையாகத் தொங்கும். சொற்களுக்கிடையே பெரும்பாலும் இடைவெளி கிடையாது. இகர உகரங்களில் குறில் நெடில் பேதமும் இல்லை. கணக்கரின் கைவேகம் அப்படி! படிப்பவர்தான் இடமறிந்து பிரிக்க வேண்டும்.

பிரித்தால், சத்திரச் செலவு, சேவகர் சம்பளம், கோயில் கொடை என அன்றாடத் தஞ்சை எழுந்து வருகிறது. கல்வெட்டில் மன்னன் நிமிர்ந்து நிற்பான். இங்கே காசு எண்ணிக்கொண்டிருப்பான்.

இந்த ஆவணங்களில் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கித் தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. மோடி தெரியாதவரும் அரண்மனைக் கணக்கைத் தாராளமாகத் துருவலாம்.