கர்னலின் கசிவும் கணக்கின் சாட்சியமும்

எந்தப் புரோகிராமும் மிகுதியாக எடுத்துக்கொண்டதாகத் தெரியாமலே சர்வரின் மெமரி நாளுக்கு நாள் சுருங்கி வரும் வியாதி, ஹைதராபாதில் 1998இல் திறக்கப்பட்ட சைபர் டவர்ஸைச் சுற்றி எழுந்த அலுவலகங்களில் இரவுப் பணி பார்ப்போருக்குப் புதிதன்று. லினக்ஸ் கர்னலே டிஸ்குகளைப் பிணைத்து நடத்தும் சாஃப்ட்வேர் ரெய்டு அந்தச் சர்வரில் இருக்குமாயின், பழி முதலில் அதன் தலையில்தான் விழும். ரீபூட் என்னும் கைவைத்தியத்தை விடுத்து, கர்னல் எழுதிவைக்கும் கணக்குகளைக் கொண்டே நோய்முதல் நாடும் முறையின் குணதோஷங்களை இங்கே சீர்தூக்குவோம்.

நிறைவையும் கசிவையும் பிரித்துக் காட்டுவது இம்முறையின் முதற்குணம். 1908இல் மூசி நதியின் வெள்ளம் நகரைச் சூறையாடிய பின், விசுவேசுவரையாவின் யோசனையால் எழுந்த உஸ்மான் சாகரில் நீர் நிறைந்திருப்பது குற்றமாகாது. மதகைத் திறந்தும் வடியாத நீரே விசாரணைக்குரியது. மெம்இன்ஃபோ என்னும் மெமரிக் கணக்கிலும், கர்னல் தன் சொந்தப் பொருள்களுக்கென ஒதுக்கிக்கொள்ளும் ஸ்லாப் மெமரி, மீட்கக்கூடியது, மீட்க முடியாதது என இரு பத்திகளாக நிற்கிறது; இரண்டாவது இறங்காமல் ஏறிக்கொண்டே போனால்தான் சந்தேகத்துக்கு இடமுண்டு. சர்வரை நிறுத்தாமலே இவ்வளவும் அறியலாம் என்பது சாமானிய லாபமன்று.

ஆயினும் கணக்குப் புத்தகம் பூரணமானதன்று. ஆறு டிஸ்குகள் கொண்ட ரெய்டு 5இல் ஸ்ட்ரைப் கேஷை 4096 ஆக உயர்த்தினால், ஒவ்வொன்றிலும் டிஸ்குக்கு ஒரு பக்கமாக, பக்கத்துக்கு 4 கேபி வீதம் 96 எம்பி செலவாகும். நாமே அனுமதித்த செலவாயினும், கர்னல் பக்கம் பக்கமாக நேரே எடுத்த அந்த மெமரி ஸ்லாப் பத்திகளில் ஏறுவதில்லை. அன்றியும், ஒத்த அளவுள்ள பொருள்களைக் கர்னல் ஒரே ஸ்லாபில் சேர்த்துவிடுவதால், ஸ்லாப் பட்டியலில் காணும் பெயர் குற்றவாளியின் பெயராகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2009இல் 2.6.31ஆம் கர்னலோடு வந்த கேமெம்லீக், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெமரியைத் துருவி, எவரும் சுட்டாத அநாதைப் பொருள்களைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஏதோ ஒரு பட்டியலில் தொங்கிக்கொண்டே பெருகுபவற்றையும், நேரே எடுத்த பக்கங்களையும் அது அறியாது. அதைச் சேர்த்துக் கட்டிய கர்னலும் வேண்டும். ஆகவே தவிர்க்க நினைத்த ரீபூட்டே வாசலில் வந்து நிற்கிறது.

டெபியன் வழக்கப்படி மாதத்தின் முதல் ஞாயிறன்று ரெய்டின் சோதனை ஓட, மறுநாள் மெமரி குறைந்திருந்தால், இரண்டையும் முடிச்சுப் போடுவது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகலாம். சோதனையைக் கையாலேயே தொடங்கி, முன்னும் பின்னும் ஸ்லாப் கணக்கை எடுத்து, சோதனை முடிந்த பின்னும் இறங்காத ஏற்றம் மறுமுறையும் அதே அளவில் தோன்றுகிறதா என்று பார்த்தால்தான் அனுமானம் பிரமாணமாகும். அவகாசமில்லாத இரவில் ரீபூட் செய்வோரைக் குறை கூறுவதற்கில்லை. ரீபூட்டோடு சாட்சியமும் அழிந்துவிடும் ஆதலால், ஸ்லாப் கணக்கை ஒரு ஃபைலில் படியெடுத்துவிட்டு அதைச் செய்தால், அடுத்த முறை சர்வர் திணறும்போது ஒப்பிட ஓர் ஆதாரமேனும் மிஞ்சும்.