மறுமொழி பெறாத காமம்: நக்கண்ணையாரின் மூன்று பாடல்கள்

கைக்கிளைக்குத் தொல்காப்பியர் வகுக்கும் இலக்கணம் துன்பத்தில் தொடங்கி இன்பத்தில் முடிகிறது. காமத்திற்குரிய பருவம் எய்தாத ஒருத்தியிடம் ஆடவன் பேசுகிறான், மறுமொழி இல்லை, பேசுவதிலேயே அவன் இன்பம் காண்கிறான். இவ்விலக்கணத்தை ஒப்புவிக்கச் செய்வதோடு நம் வகுப்பறைகளில் கைக்கிளை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பேசுபவள் பெண்ணாயின் இந்த இன்பம் கிட்டுமா என்னும் வினா எழுவதில்லை.

பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைக் காமுற்றுப் பாடிய மூன்று பாடல்கள் (புறம். 83, 84, 85) இவ்வினாவிற்கு இடமளிக்கின்றன. தலைவன் இன்னான் என அறியப்பட்டமையால் இவை அகத்தில் இடம்பெறவில்லை. பெயர் சுட்டப்படாதிருந்தால் இவற்றை எங்கே வைத்திருப்பர் என எண்ணிப் பார்த்தல் சுவையானது.

முதற்பாடலில் அவர் இருபுறமும் நெருக்கப்படுகிறார். வளை கழன்றால் தாய் அறிவாள் என்னும் அச்சம் ஒருபுறம். அவனைத் தழுவினால் அவையோர் காண்பர் என்னும் நாணம் மறுபுறம். ஒருபக்கம் நில்லாமல் இருபக்கமும் சாயும் ஊரும் தம்மைப் போலவே நடுங்கட்டும் என்கிறார். இது சாபமா, துணை தேடலா? இரண்டும் என்றே கருதுகிறேன். அடுத்த பாடலில் கூழுண்டும் அவன் தோள் பருத்திருக்க, அருகிருந்தும் இவர் மேனி பசலையால் பொன்னிறம் கொள்கிறது. இப்பாடலைப் பசலை பற்றிய வழக்கமான கூற்றாகக் கடந்துவிடுவோர் உளர்; உணவின் வறுமையையும் உடலின் வளத்தையும் எதிரெதிர் நிறுத்திய நுட்பம் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

மூன்றாம் பாடலே என் வாதத்திற்கு அடிப்படை. அவனுக்கு இது சொந்த ஊரன்று, நாடுமன்று. ஆகவே அவன் வென்றான் என்பார் சிலர், வெல்லவில்லை என்பார் சிலர். முதற்பாடலில் இருபாற்பட்டு நின்ற அதே ஊர் இங்கும் இரண்டாகப் பிரிந்து பேசுகிறது. இம்முறை அவர் ஊரோடு சேர்ந்து நடுங்கவில்லை. சிலம்பு ஒலிக்க ஓடித் தம் வீட்டருகே உள்ள பனையைச் சார்ந்து நின்று, வெற்றியைத் தாமே காண்கிறார்.

டோரத்தி டென்னாவ் 1979இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய காதல் வேட்கை சிறு நம்பிக்கையும் நீங்காத ஐயமும் கலந்த நிலையிலேயே வளர்கிறது என்றார். அவ்வகையில் நோக்கின், ‘அவன் என்னை விரும்புகிறானா?’ என்னும் வினாவிற்கு நக்கண்ணையாரிடம் இறுதிவரை விடையில்லை. ஆனால் ‘அவன் வென்றானா?’ என்னும் வினாவிற்கு விடை உண்டு. அதனைப் பிறர் வாயிலாகப் பெறாமல் தம் கண்ணாலேயே பெறுகிறார். காமம் தீர்ந்தது என்பதற்குப் பாடலில் சான்றில்லை. ஊரின் ஐயத்திலிருந்து தம்மை விடுவித்துக்கொண்டார் என்பதற்குச் சான்று உண்டு.

இவ்வாசிப்பில் ஓர் இடர்ப்பாடு உள்ளது. மூன்று பாடல்களின் வரிசை தொகுத்தோர் அமைத்தது; புலவர் பாடிய வரிசை அதுவே என நிறுவ இயலாது. ஆதலின் இதனை அவர் மனத்தின் வரலாறாகக் கொள்ளாமல், மூன்று நிலைகளாகவே கொள்கிறேன். பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை கைக்கிளையில் பெண்பாற் கூற்றைத் தனியே வகுத்தது. அவ்விலக்கணம் தோன்றுமுன்பே, மரத்தடியில் நின்று தாம் கண்டதைக் கூறிய இக்குரல் புறநானூற்றில் இருந்தது.