'லா திராக்கா': எள்ளலின் வலிமையும் வரம்பும்

அங்கதம் இயல்பாகவே முற்போக்கானது என்றொரு கருத்து விமர்சகர் சிலரிடையே நிலவுகின்றது. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஸ்பானியாவின் 'லா திராக்கா' என்னும் வார இதழின் வரலாறு அக்கருத்தினை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றது.

'திராக்கா' என்பது வலென்சியாத் திருவிழாக்களில் கொளுத்தப்படும் வெடிக் கோவையைக் குறிக்கும். 1884இல் வலென்சிய மொழியில் தோன்றிய இவ்விதழ், இருபதாம் நூற்றாண்டில் விசென்டே மிகேல் கார்செயேர் என்னும் பதிப்பாளரின் கைக்கு வந்தது. பிறிமோ டி றிவேராவின் சர்வாதிகாரம் மறைந்து, 1931 ஏப்ரலில் இரண்டாவது குடியரசு பிரகடனப்படுத்தப்பட்டபின், அது காஸ்திலிய மொழியில் வெளிவரலாயிற்று. இம்மொழி மாற்றம் தற்செயலானதன்று. நகரமொன்றின் நையாண்டி ஏடு நாடளாவிய சந்தையை நாடியதன் வெளிப்பாடே அது.

முடியாட்சியும் பெருநில உடைமையும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒன்றையொன்று தாங்கி நின்ற சமூகம் அது. கல்வித்துறையிலும் திருச்சபையின் பிடி வலுவாயிருந்தது. எழுத்தறியாதோர் பெருந்தொகையினராயிருந்த அந்நாட்டிலே கொழுத்த குருவானவரின் கேலிச்சித்திரம் எவர்க்கும் விளங்கியது. புனிதமெனப் போற்றப்பட்ட அதிகாரத்தை மனிதரின் ஆசாபாசங்களுக்குரியதாகக் காட்டியமையே இதழின் சாதனை.

அதன் வரம்பும் அங்கேயே தொடங்குகின்றது. 1932இன் நிலச்சீர்திருத்தச் சட்டம் எழுப்பிய வினாக்களும் அந்தலூசியாவின் நிலமற்ற கூலிகளின் நிலையும் பல்வேறு உற்பத்தி உறவுகள் சார்ந்தவை. குருவின் அங்கி அவையனைத்தையும் விளக்கிவிடாது. அங்கியைப் பார்த்துச் சிரிப்பது இலகு, விற்பனைக்கும் உகந்தது. "அங்கி அணிந்தோரை என்செய்யலாம்?" எனும் பொருள்பட வாசகரிடம் வினவி, 1936இல் உள்நாட்டுப் போருக்குச் சற்று முன்னர் விடைகளையும் இதழ் வெளியிட்டது. போர்க்காலத்தில் ஏறத்தாழ 7000 குருமாரும் துறவியரும் கொல்லப்பட்டனர். கொலைகளுக்கு இதழே காரணமென்பது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். எனினும் மனிதரை வெறும் உடையாகக் குறுக்கும் சிரிப்பு, அமைப்பை விட்டு ஆளைத் தாக்கப் பழக்குகின்றது என்பதை மறுத்தல் இயலாது. போர்க்காலத்தில் பிராங்கோவைப் பெண்மைச் சாயலுடையவராகச் சித்திரித்து ஏளனம் செய்தமையும் இவ்வகையினதே. பகைவனை வீழ்த்தப் பழைய சமூகத்தின் தப்பெண்ணமே ஆயுதமாயிற்று.

1940 யூன் 28இல், வலென்சியாவை அடுத்த பற்றேர்னாவிலே, கார்செயேரும் 'புளப்' என்னும் புனைபெயரில் வரைந்த கார்லோஸ் கோமெஸ் கரேராவும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சட்டபூர்வமான அரசுக்கெதிராகக் கிளர்ந்த படையே, அவ்வரசின் பக்கம் நின்றோரைக் கிளர்ச்சிக் குற்றஞ்சாட்டித் தண்டித்து வந்தது. எந்த அங்கத ஏடும் புனைந்திராத முரண் இது.

அவர்கள் கொல்லப்பட்டமை அவர்தம் சிரிப்பின் குறைகளை மறைத்துவிடாது. அக்குறைகள் கொலையின் கொடுமையைக் குறைத்துவிடவும் மாட்டா. அங்கதத்தை மதிப்பிடுவோர், அது எவரை நோகச் செய்தது என்பதோடு நின்றுவிடலாகாது. எதனை விளங்கச் செய்தது என்றும் வினவுதல் வேண்டும்.