போதையனார் விதியும் முக்கோண நிலத்தின் பரப்பும்

செங்கோணத்திற்கு எதிரே அமைந்த பக்கமாகிய கர்ணத்தைக் காண்பதற்குப் போதையனார் பெயரால் ஒரு செய்யுள் தமிழரிடையே வழங்கி வருகிறது. அதன் கருத்து மிக எளியது. நெடும்பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ள வேண்டும், எஞ்சியதோடு குறும்பக்கத்தில் பாதியைக் கூட்ட வேண்டும், வருவதே கர்ணம். இதற்கு வர்க்கமும் வேண்டா, வர்க்கமூலமும் வேண்டா, திரிகோண கணிதமும் வேண்டா. பித்தாகோரசுக்கு முன்னரே தமிழர் கண்ட தேற்றம் இது என்று மேடைகளிலும் மலர்களிலும் அன்பர் பலர் போற்றி வருகின்றனர். ஆசிரியர் சிலர் வகுப்பறையிலும் அவ்வாறே கூறுகின்றனர். இளம் உள்ளங்களிற் பதியும் செய்தியாதலின், அப்புகழுரை எந்த அளவிற்குப் பொருந்தும் என்று ஆராய்தல் நம் கடமையாகும்.

முதலில் விதியின் சிறப்பைக் காண்போம். பக்கங்கள் 4, 3 எனின், நாலில் எட்டில் ஒரு கூறு அரை. அதைத் தள்ள 3½. மூன்றில் பாதியாகிய 1½ஐக் கூட்ட 5. விடை சரியே. பக்கங்கள் 12, 5 எனின், 10½ உடன் 2½ சேர்ந்து 13 ஆகிறது. இதுவும் சரியே. போற்றுவோர் எடுத்துக்காட்டுவன பெரும்பாலும் இவ்விரண்டும், இவற்றின் மடங்குகளுமே.

இனி, அவர் காட்டாதவற்றைப் பார்ப்போம். 15, 8 என்னும் பக்கங்களுக்கு உண்மைக் கர்ணம் 17. விதி தருவது 17⅛. 24, 7 என்பவற்றிற்கு உண்மை 25. விதி தருவது 24½. 40, 9 என்பவற்றிற்கு உண்மை 41. விதி தருவது 39½. இறுதியில் வந்த விடையைச் சற்று நோக்குக. கர்ணம் நெடும்பக்கத்தினும் குறைந்துவிட்டது! எந்தச் செங்கோண முக்கோணத்திலும் அவ்வாறு இருத்தல் இயலாது. குறும்பக்கம் நெடும்பக்கத்தின் காற்பங்கினும் குறையும் இடமெல்லாம் இத்தகைய பிழை நேர்ந்தே தீரும்.

இவ்விதி முற்றும் பொருந்தும் வடிவங்கள் எத்தனை? விதி தரும் விடையையும் உண்மைக் கர்ணத்தையும் வர்க்கமாக்கிச் சமப்படுத்தினால் ஓர் இருபடிச் சமன்பாடு கிடைக்கும். அதற்கு இரண்டே விடைகள் உண்டு. குறும்பக்கம் நெடும்பக்கத்தில் நாலில் மூன்று பங்காதல் வேண்டும்; அன்றிப் பன்னிரண்டில் ஐந்து பங்காதல் வேண்டும். மேலே விடை சரியாக வந்த இரு முக்கோணங்களும் இவையே. வேறு எவ்வடிவத்திற்கும் விதி முழுமையாகப் பொருந்தாது.

“சிறு வேறுபாடுதானே, வேலைக்கு உதவினாற் போதாதா?” என்று சிலர் வினவலாம். கர்ணத்தின் நீளத்தை மட்டும் நோக்கினால் அவர் கூற்றில் நியாயம் உண்டு. குறும்பக்கம் நெடும்பக்கத்தின் காற்பங்கிற்குக் குறையாதவரை பிழை நூற்றுக்கு மூன்று அளவிலேயே அடங்கும். கூரைக்கு மரம் எத்தனை முழம் வேண்டும் என்று மனத்தளவிற் கணிக்கும் தச்சருக்கு இது போதும். ஆனால் நிலத்தின் பரப்பைக் காணப் புகுந்தால் நிலைமை வேறாகிறது.

செங்கோண முக்கோணத்தின் பரப்பு, செங்கோணத்தை அடுத்த இரு பக்கங்களின் பெருக்கத்தில் பாதி. ஒரு நிலத்தின் குறும்பக்கம் புதர் மண்டிக் கோல் பிடிக்க இயலாதிருக்கிறது என்று கொள்வோம். நெடும்பக்கம் 40 கோல், கர்ணம் 41 கோல். தேற்றம் எனின் அது திருப்பியும் வழங்க வேண்டும். போதையனார் விதியைத் திருப்பினால், கர்ணத்தின் இருமடங்கில் நெடும்பக்கத்தின் ஒன்றே முக்கால் மடங்கைக் கழிக்கக் குறும்பக்கம் வரும்: 82இல் 70 போக 12. பரப்பு 240 குழி ஆகிறது. உண்மைக் குறும்பக்கம் 9. உண்மைப் பரப்பு 180 குழி. அறுபது குழி மிகையாகிவிட்டது! கர்ணத்தில் ஒன்றரைக் கோலாக இருந்த பிழை, திருப்பும்போது இரட்டித்து மூன்று கோலாகிறது. அம்மூன்றும் ஒன்பது கோல் உள்ள சிறு பக்கத்தின் மேல் ஏறுவதால், பரப்பில் மூன்றில் ஒரு பங்கு பொய்யாகக் கூடிவிடுகிறது. நிலத்தை விற்பவரும் வாங்குபவரும் இதனைச் சிறு வேறுபாடு என்று ஒப்புவாரோ?

சரியான வழியும் கடினமானதன்று. கர்ணத்திற்கும் நெடும்பக்கத்திற்கும் உள்ள வேறுபாடு 1; கூட்டுத்தொகை 81. இரண்டையும் பெருக்க 81. அதன் வர்க்கமூலம் 9. திரிகோண கணிதம் இங்கும் தேவைப்படவில்லை. வர்க்கமூலம் ஒன்றை மட்டும் தவிர்க்க முடியவில்லை.

பௌதாயனர் பெயரோடு இச்செய்யுளைப் பிணைத்துப் பேசுவோரும் உளர். அது பொருந்தாது. பௌதாயன சுல்ப சூத்திரம், நீள்சதுரத்தின் இரு பக்கங்கள் தனித்தனியே ஆக்கும் சதுரப் பரப்புகளை அதன் மூலைவிட்டம் ஒன்றே ஆக்கும் என்று பொதுவாகக் கூறுகிறது. எந்த நீள்சதுரமும் அதற்கு விலக்கன்று. போதையனார் விதியோ இரண்டு வடிவங்களிலேயே முழுமை பெறுகிறது. அவ்விரு முக்கோணங்களை முன்பே அறிந்திருந்த ஒருவர், இரண்டிற்கும் ஒருங்கே பொருந்துமாறு முக்கால் அரைக்கால், அரை என்னும் பங்குகளைத் தேர்ந்தமைத்தார் என்று கொள்வதே இயல்பு. அவ்வாறாயின் அது நுண்ணறிவு மிக்க செயலே. எளிய பின்னங்களைக் கொண்டு தொழிலாளர் வாயில் நிற்கும்படி ஒரு விதியைச் செய்தவரைப் பாராட்டுவோம். ஆனால் அதைத் தேற்றம் என்று அழைத்தல் அவருக்குச் செய்யும் சிறப்பன்று.

தமிழ்க் கணிதத்தில் பொது விதிகளே இல்லை என்று இதனாற் கொள்ளற்க. வட்டத்தின் சுற்றளவிற் பாதியையும் விட்டத்திற் பாதியையும் பெருக்கினால் பரப்பு வரும் என்று காரி நாயனாரின் கணக்கதிகாரம் கூறுகிறது. அது சிறிய வட்டத்திற்கும் பெரிய வட்டத்திற்கும் ஒருங்கே பொருந்தும். விலக்கு ஒன்றும் இல்லை. பெருமை கொள்ள வேண்டின் இத்தகைய விதிகளைக் காட்டிப் பெருமை கொள்ளலாம். அயலார் ஒருவர் 40, 9 என்னும் பக்கங்களைத் தந்து வினவினாலும் நாம் நாண நேராது.

ஆசிரியப் பெருமக்கள் இச்செய்யுளை வகுப்பிலிருந்து விலக்க வேண்டும் என்று கூற வரவில்லை. அதைக் கற்பித்தபின், மேலே கண்ட ஐந்து முக்கோணங்களையும் கரும்பலகையில் எழுதி, எங்கே பொருந்துகிறது, எங்கே பிழைக்கிறது, ஏன் பிழைக்கிறது என்று மாணவரையே கண்டறியச் செய்யலாம். பரப்பையும் இரு வழிகளிற் கணக்கிட்டு ஒப்பிடச் செய்யலாம். முன்னோர் மொழிந்ததைச் சோதித்து அறியும் பயிற்சி, அதை மனப்பாடம் செய்து வியப்பதினும் அவர்களுக்கு மிகுந்த பயன் தரும்.